ரிசீவரின் எண்களைப் படிப்பது எப்படி? என்எஃப்எல் டிராஃப்ட் பார்ப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2020 ஏப்ரல் 23. கொரோனா காரணமாக அந்த ஆண்டின் என்எஃப்எல் டிராஃப்ட், அதாவது அமெரிக்கக் கால்பந்து லீகின் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி, மேடை, கூட்டம் எதுவும் இல்லாமல் வீடுகளிலிருந்தே நடந்தது. 21-வது இடத்தில் பிலடெல்பியா ஈகிள்ஸ், டிசியூ பல்கலைக்கழகத்தின் ரிசீவர் (எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர்) ஜேலன் ரேகரை எடுத்தது. அடுத்த இடத்தில் இருந்த மினசோட்டா வைக்கிங்ஸ், எல்எஸ்யூவின் ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்தது.

அதற்கு முந்தைய கல்லூரி சீசனில் ஜெஃபர்சன் 111 கேட்ச், 1,540 யார்டு, 18 டச்டவுன். ரேகர் 43 கேட்ச், 611 யார்டு, 5 டச்டவுன். (கேட்ச் என்பது பிடித்த பந்து, யார்டு அவற்றால் அணி முன்னேறிய தூரம், டச்டவுன் எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய் எடுக்கும் ஸ்கோர்.) என்எஃப்எல்லில் முதல் ஐந்து சீசனில் ஜெஃபர்சன் குவித்தது 7,432 யார்டு. முதல் ஐந்து ஆண்டுகளில் அவ்வளவு எடுத்தவர் அதுவரை வேறு யாருமில்லை. ரேகர் ஈகிள்ஸில் இரண்டு சீசன் ஆடி மொத்தம் 695 யார்டு எடுத்தார். 2022-ல் ஈகிள்ஸ் அவரை வைக்கிங்ஸுக்கே கொடுத்துவிட்டது.

இதைப் படித்ததும் "பெரிய எண் வைத்திருப்பவரை எடுத்திருந்தால் போதுமே" என்று தோன்றும். அப்படி நினைத்து ஏமாந்த கதைகளும் உண்டு. லாக்வான் டிரெட்வெல் 2015-ல் ஓல் மிஸ் அணிக்காக 1,153 யார்டும் 11 டச்டவுனும் எடுத்தார். 2016 டிராஃப்ட்டில் 23-வது ஆளாகப் போனார். முதல் என்எஃப்எல் சீசன் முழுக்க அவர் பிடித்தது ஒரே ஒரு பந்து. மறுபக்கம், 2018-ல் ஒஹாயோ ஸ்டேட்டில் வெறும் 35 கேட்ச் பிடித்த டெர்ரி மெக்லாரின், 76-வது ஆளாக வாஷிங்டனுக்குப் போய், 2020 முதல் 2024 வரை தொடர்ந்து ஐந்து சீசன் ஆயிரம் யார்டைத் தாண்டினார்.

அப்படியானால் எண்களுக்கு அர்த்தமே இல்லையா? இருக்கிறது. ஆனால் நமக்குக் காட்டப்படுவது பாதி எண்தான். பள்ளியில் பின்னம் படித்திருப்போம்: மேலே தொகுதி, கீழே பகுதி. தொலைக்காட்சியில் ஓடும் 1,540, 611 எல்லாம் தொகுதிதான். பகுதியை நாமே தேடிப் போட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை ஆட்டத்தில், அணி எறிந்த எத்தனை பாஸில், எந்த வயதில், யாருக்குப் பக்கத்தில் நின்று, யாருக்கு எதிராக? இந்த வழிகாட்டி முழுவதும் அந்தப் பகுதியைத் தேடும் வேலைதான்.

முதல் படி: ஒரு தாளில் அடிப்படைகளை எழுதுங்கள்

ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வரி போதாது, ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வரி வேண்டும். ஆடிய ஆட்டங்கள், கேட்ச், யார்டு, டச்டவுன். கூடவே அந்த சீசனில் அவருடைய அணி மொத்தம் எறிந்த பாஸ்கள், எடுத்த பாஸ் யார்டு, வீரரின் பிறந்த தேதி. இவை எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை. கடைசி சீசனை மட்டும் எழுதுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. பழைய வீரர்களோடு ஒப்பிடும்போது இன்னொன்றைக் கவனியுங்கள்: 2002-க்கு முன்பு பௌல் ஆட்டங்களின் (சீசன் முடிவில் நடக்கும் கூடுதல் ஆட்டங்கள்) எண்களைக் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு சீசன் கணக்கில் சேர்ப்பதில்லை. இன்றைய வீரர் அதிக ஆட்டங்களில் சேர்த்த மொத்தத்தை அன்றைய மொத்தத்தோடு அப்படியே வைத்துப் பார்ப்பது சரியல்ல.

இரண்டாம் படி: ஆட்டத்தால் வகுங்கள், பிறகு அணியின் பாஸ்களால் வகுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

ஆட்டத்தால் வகுப்பது எளிது. ஆனாலும் பலர் மறந்துவிடுகிறார்கள். டிகே மெட்காஃப் 2018-ல் எடுத்தது 569 யார்டுதான். கழுத்துக் காயத்தால் 7 ஆட்டத்தோடு அவர் சீசன் முடிந்தது. ஆட்டத்துக்கு 81 யார்டு. டிரேக் லண்டன் 2021-ல் யூஎஸ்சிக்காக 1,084 யார்டு எடுத்தார். கேட்டால் "நல்ல சீசன்" என்போம். கணுக்கால் முறிந்து வெளியேறியதற்கு முன் அவர் ஆடியது 8 ஆட்டம்தான் என்று தெரிந்தால், ஆட்டத்துக்கு 135 யார்டு என்பது வேறொரு வீரரைக் காட்டுகிறது. பூகா நகூவா பிஒய்யூவில் கடைசி ஆண்டு 625 யார்டு. அதுவும் 9 ஆட்டத்தில். 2023-ல் ஐந்தாம் சுற்றில், 177-வது ஆளாகத்தான் ராம்ஸ் அணிக்குப் போனார். முதல் சீசனிலேயே 105 கேட்ச், 1,486 யார்டு என்று புதுமுக வீரர்களுக்கான சாதனையைப் படைத்தார். 625 என்ற எண்ணை மட்டும் பார்த்துக் கடந்தவர்கள் எல்லோரும் அவரைத் தவறவிட்டார்கள்.

அடுத்தது அணியின் பாஸ்கள். ஜார்ஜியா டெக் 2009-ல் ஆடியது டிரிபிள் ஆப்ஷன் ஆட்டம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதே அந்த முறையின் உயிர். ஆட்டத்துக்குச் சராசரியாக ஒரு டஜன் பாஸ் எறிந்தால் அதிகம். அந்த அணியில் டெமேரியஸ் தாமஸ் 46 கேட்ச் மட்டும் பிடித்தார். 46 என்பதை வேறு அணியில் மூன்றாவது ரிசீவர் கூடப் பிடிப்பார். ஆனால் அணி வெற்றிகரமாக முடித்த பாஸ்களில் பாதிக்கு மேல் அவர் கைக்கு வந்தவை. அந்த 46-ல் 1,154 யார்டு. டென்வர் அவரை 22-வது ஆளாக எடுத்தது. 2012 முதல் 2014 வரை மூன்று சீசனிலும் அவர் 1,400 யார்டைத் தாண்டினார்.

மறுமுனையில், பாஸையே நம்பும் ஏர் ரெய்டு ஆட்டம். மைக்கேல் கிராப்ட்ரீ 2007-ல் டெக்சஸ் டெக்கில் 134 கேட்ச், 1,962 யார்டு. அவர் நல்ல வீரர்தான், என்எஃப்எல்லிலும் நெடுநாள் ஆடினார். ஆனால் அந்த அணி எறிந்த பாஸ்களின் மலையைப் பார்க்காமல் 134-ஐ மட்டும் தாமஸின் 46-க்குப் பக்கத்தில் வைத்தால், தாமஸ் ஒன்றுமே செய்யாதவர் போலத் தெரிவார். டெஸ்ட் ஆட்டக்காரரின் ரன்னையும் டி20 ஆட்டக்காரரின் ரன்னையும் பந்து எண்ணிக்கை பார்க்காமல் யாரும் ஒப்பிட மாட்டார்கள், இதுவும் அப்படித்தான்.

இதற்கு இரண்டு கணக்குகள் பழக்கத்தில் உள்ளன. ஒன்று பங்கு: வீரரின் யார்டை அணியின் மொத்தப் பாஸ் யார்டால் வகுப்பது. டச்டவுனுக்கும் அதேபோல் கண்டுபிடித்து இரண்டின் சராசரியை எடுத்தால் அதற்கு டாமினேட்டர் என்று பெயர். 30 சதவீதத்தைத் தொட்டால் நல்லது என்பது பலரும் கையாளும் தோராயக் கோடு. இன்னொன்று வீரரின் யார்டை அணி எறிந்த பாஸ்களின் எண்ணிக்கையால் வகுப்பது. இதில் 2-க்கு மேல் போனால் நிமிர்ந்து உட்காரலாம், 3-ஐ நெருங்கினால் அபூர்வம்.

இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளச் சொல்வேன். பங்கு மட்டும் பார்த்தால் பலவீனமான அணியில் வேறு ஆளில்லாததால் உயர்ந்தவரும் பெரிய ஆளாகத் தெரிவார். பாஸால் வகுத்ததை மட்டும் பார்த்தால், ஜார்ஜியா டெக் போலக் குறைவாக எறியும் அணிகளில் எண் ஊதிப்போகும். ஓட்டத்தையே எதிர்பார்த்து எதிரணி முன்னேறி நிற்கும்போது தலைக்கு மேலே ஒரு நீண்ட பாஸ் போனால் யார்டு கொட்டத்தானே செய்யும்?

காசு கொடுத்து வாங்கும் விவரங்கள் உங்களிடம் இருந்தால் இன்னும் ஒரு படி மேலே போகலாம்: ஓடிய ஒவ்வொரு ரூட்டுக்கும் (பந்தைப் பிடிக்க ரிசீவர் ஓடும் பாதை) எத்தனை யார்டு என்பது. பிஎஃப்எஃப் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு ஆட்டமாகப் பார்த்து இதை எண்ணுகின்றன. எனக்கு மிகப் பிடித்த எண் இதுதான். ஏனென்றால் பந்து வராத ரூட்டும் இதில் பகுதியாக உட்கார்கிறது. தடுப்பாளரை விட்டு விலகத் தெரியாதவருக்கு, அணியில் பந்து எறியும் ஆளான குவார்ட்டர்பேக் எறிய மாட்டார். அந்தக் குறை வேறெந்த எண்ணிலும் தெரியாது, இதில் தெரியும்.

மூன்றாம் படி: பக்கத்தில் யார் நின்றார்கள்?

2019 அலபாமா அணியை எடுத்துக்கொள்ளுங்கள். டெவான்டா ஸ்மித் 1,256 யார்டு, ஜெர்ரி ஜூடி 1,163, ஹென்றி ரக்ஸ் 746, ஜேலன் வாடில் 560. நால்வரும் பிறகு முதல் சுற்றில் எடுக்கப்பட்டார்கள். ஒரே தட்டில் நாலு பேர் சாப்பிட்டால் யாருடைய பங்கும் 30-ஐ எட்டாது. அதற்காக நால்வரையும் கழித்துவிட முடியுமா? அடுத்த ஆண்டு மற்ற இருவர் கிளம்பிப் போக, வாடிலும் காயப்பட, ஸ்மித் 117 கேட்ச், 1,856 யார்டு, 23 டச்டவுன் எடுத்து, கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார். 1991-ல் டெஸ்மண்ட் ஹோவர்டுக்குப் பிறகு ஒரு ரிசீவருக்கு அந்த விருது கிடைத்தது அப்போதுதான்.

அந்த 2019 பட்டியலை மறுபடி பாருங்கள். விருது சீசனுக்கு முன்பே, நால்வரில் அதிக யார்டு எடுத்தவர் ஸ்மித்தான். நெரிசலான அணியில் பங்கின் அளவைவிட வரிசையே அதிகம் சொல்லும். 2021 ஒஹாயோ ஸ்டேட்டிலும் இதே கதை. கேரட் வில்சன் 1,058, கிறிஸ் ஒலாவே 936. 2022 டிராஃப்ட்டில் 10-வது, 11-வது ஆட்களாகப் போனார்கள். அவர்களோடு ஆடிய இளையவர் ஜாக்சன் ஸ்மித் இன்ஜிக்பா எடுத்தது 1,606. அடுத்த ஆண்டு தொடைத் தசைக் காயத்தால் அவர் பிடித்தது 5 பந்துதான். கடைசி சீசனை மட்டும் எழுதும் ஆள் தாளில் 43 யார்டு என்று எழுதியிருப்பார். சியாட்டில் அவரை 2023-ல் 20-வது ஆளாக எடுத்தது.

நான்காம் படி: அப்போது அவருக்கு என்ன வயது?

19 வயதில் 22 வயதுத் தடுப்பாளர்களைத் தாண்டி ஆயிரம் யார்டு எடுப்பதும், 23 வயதில் 19 வயதுப் பையன்களுக்கு எதிராக அதே ஆயிரத்தை எடுப்பதும் ஒன்றல்ல. உடல் கட்டும் அனுபவமும் அந்த வயதில் ஆண்டுக்கு ஆண்டு மாறும். எந்த வயதில் முதன்முதலாக அணியின் முக்கிய ரிசீவராக வந்தார் என்பதை பிரேக்அவுட் வயது என்கிறார்கள். அணியில் 20 சதவீதப் பங்கை முதலில் தாண்டிய சீசனை அதற்குக் கோடாக வைப்பது வழக்கம்.

ஜாமார் சேஸ் 2019-ல் 1,780 யார்டும் 20 டச்டவுனும் எடுத்தபோது வயது 19. அடுத்த சீசனில் அவர் ஆடவே இல்லை. ஆனாலும் சின்சினாட்டி 2021-ல் ஐந்தாவது ஆளாக எடுத்தது. முதல் என்எஃப்எல் சீசனில் 1,455 யார்டு.

கல்லூரியில் எத்தனை ஆண்டு ஆடலாம் என்ற கணக்கில் கொரோனா ஆண்டு யாருக்கும் சேராததால் பலர் ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளும் கல்லூரியில் ஆடினார்கள். ஆகவே வகுப்பைப் பார்க்காமல் பிறந்த தேதியைப் பாருங்கள்.

விதிவிலக்கு உண்டா என்றால் உண்டு. கூப்பர் கப் என்எஃப்எல்லில் முதல் ஆட்டம் ஆடியபோதே 24 வயது. மெக்லாரினும் ஏறத்தாழ அதே வயது. வயது ஒருவரைத் தள்ளுவதற்கான காரணமாக இருக்க வேண்டாம். வயதானவருக்கு வேறு சான்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: யாருக்கு எதிராக?

கப்புக்கு அந்தச் சான்று இருந்தது. அவர் ஆடிய ஈஸ்டர்ன் வாஷிங்டன் இரண்டாம் அடுக்கான எஃப்சிஎஸ் பிரிவில் இருக்கிறது. நாலு ஆண்டில் 428 கேட்ச், 6,464 யார்டு, 73 டச்டவுன். "சின்ன அணிகளுக்கு எதிராக யாரும் அடிப்பார்கள்" என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் அந்த நாலு ஆண்டில் முதல் அடுக்கின் பெரிய அணிகள் இருந்த பாக்-12 பிரிவின் அணிகளுக்கு எதிராக அவர் ஆடிய நாலு ஆட்டங்களைத் தனியே எடுத்துப் பாருங்கள்: 40 கேட்ச், 716 யார்டு, 11 டச்டவுன். பெரிய அணிக்கு எதிராக எண் இறங்கவில்லை, ஏறியிருக்கிறது! 40 யார்டு ஓட்டத்தில் 4.62 விநாடி என வேகம் குறைந்ததால் 69-வது ஆளாகப் போனவர், 2021-ல் 145 கேட்ச், 1,947 யார்டு, 16 டச்டவுன் என மூன்றிலும் லீகின் முதல் இடத்தைப் பிடித்தார்.

அதே 2017 டிராஃப்ட்டில் வெஸ்டர்ன் மிச்சிகனின் கோரி டேவிஸ் 5,278 கல்லூரி யார்டுகளோடு ஐந்தாவது ஆளாகப் போனார். முதல் அடுக்கில் அதுவரை எவரும் எடுத்திராத மொத்தம். என்எஃப்எல்லில் அவருடைய சிறந்த சீசன் 984 யார்டு. மோசமான வீரர் அல்ல. ஆனால் ஐந்தாவது இடத்துக்கு எதிர்பார்த்தது அதைவிட அதிகம். நான்கு ஆண்டு மொத்தத்தை ஒரே எண்ணாகப் பார்ப்பதைவிட, வலுவான அணிகளோடு ஆடிய சில ஆட்டங்களைப் பிரித்து எழுதுவது பயன் தரும். மாதிரி சிறியதுதான், இருந்தும் எழுதுங்கள்.

ஆறாம் படி: பந்து எங்கே, எப்படி வந்தது?

ஒரு கேட்சுக்கு எத்தனை யார்டு என்பதிலிருந்து தொடங்குங்கள். அது 9, 10 என்றால் அருகிலேயே கொடுக்கும் ஸ்க்ரீன் பாஸ் நிறைய இருக்கிறது என்று பொருள். ரிசீவர் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் குறுக்கே ஓடும்போது முன்பக்கமாகத் தட்டிவிடும் பந்துகூடக் கணக்கில் கேட்ச்தான். அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால் சிலருடைய 90 கேட்ச் 55 ஆகிவிடும்.

ஆட்ட முறையும் முக்கியம். கோரி கோல்மன் 2015-ல் பேய்லருக்காக 1,363 யார்டு, 20 டச்டவுன். நாட்டின் சிறந்த ரிசீவர் விருதும் அவருக்கே. அந்த ஆட்ட முறையில் ரிசீவர்களைக் கோட்டோரம் வரை விரித்து நிறுத்தி, சில ரூட்களையே திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள். கிளீவ்லாந்து அவரை 15-வது ஆளாக எடுத்தது. எந்த என்எஃப்எல் சீசனிலும் அவர் 500 யார்டைத் தொடவில்லை. காயங்களும் அதில் சேர்ந்துகொண்டன.

மைதானமே வேறு என்பதையும் மறக்காதீர்கள். கல்லூரி மைதானத்தில் உட்கோடுகளுக்கு (ஒவ்வொரு முறையும் பந்தை வைத்துத் தொடங்கும் இடத்தின் இரு எல்லைகள்) இடையே 40 அடி. என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். அதனால் கல்லூரியில் ஒரு பக்கம் பரந்த வெளி கிடைக்கும், அந்த வெளியில் எளிதாக யார்டு சேரும். கல்லூரியில் ஒரு கால் உள்ளே பட்டால் கேட்ச், என்எஃப்எல்லில் இரண்டு காலும் பட வேண்டும். கோட்டோரக் கேட்சுகளை வீடியோவில் பார்க்கும்போது இரண்டாவது கால் எங்கே என்று பாருங்கள்.

ஏழாம் படி: கவனமாகக் கையாள வேண்டிய எண்கள்

டச்டவுன் ஆண்டுக்கு ஆண்டு துள்ளும். ஏ.ஜே. பிரவுன் 2017-ல் 1,252 யார்டுக்கு 11, அடுத்த ஆண்டு 1,320 யார்டுக்கு 6. அவர் பாதியாகிவிடவில்லை. யார்டை நம்புங்கள்.

கைவிட்ட பந்து என்பது பார்ப்பவரின் தீர்ப்பு. இரண்டு நிறுவனங்கள் இரண்டு எண் தரும். பிடித்த சதவீதம், பந்து எவ்வளவு தூரம் வந்தது என்பதைச் சார்ந்தது.

தடுப்பாளர் மேலே தொங்கும்போது பறித்த கேட்சுகள் வீடியோவில் கண்ணைப் பறிக்கும். எனக்கு இவைமீது சந்தேகம் உண்டு. ஸ்டான்ஃபோர்டின் ஜே.ஜே. ஆர்சேகா வைட்சைடு 2018-ல் இப்படி ஆடியே 14 டச்டவுன் எடுத்தார். ஈகிள்ஸ் அவரை 57-வது ஆளாக எடுத்தது. ஏழு இடம் தள்ளி மெட்காஃப் போனார். வைட்சைடு ஈகிள்ஸில் பிடித்தது மொத்தம் 16 பந்து. ஒவ்வொரு முறையும் போராடிப் பிடிக்கிறார் என்றால் ஒவ்வொரு முறையும் தடுப்பாளர் ஒட்டிக்கொண்டே இருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

ஓட்ட வேகம் பற்றிச் சுருக்கமாக: ஜான் ராஸ் 2017-ல் 4.22 விநாடி ஓடி ஒன்பதாவது ஆளாகப் போனார். அவருடைய சிறந்த சீசன் 506 யார்டு.

எட்டாம் படி: எல்லாவற்றையும் ஒரே தாளில் வையுங்கள்

இப்போது ஜெஃபர்சனையும் ரேகரையும் மறுபடி எடுப்போம். டிராஃப்ட்டுக்கு முன் ஜெஃபர்சனின் 1,540-ஐக் குறைத்து மதிப்பிட்டவர்கள் சொன்ன காரணங்கள் பொய்யில்லை. பந்து எறிந்தவர் 60 டச்டவுன் பாஸ் கொடுத்த ஜோ பர்ரோ. பக்கத்தில் சேஸ். 2019-ல் ஜெஃபர்சன் நின்றது பெரும்பாலும் ஸ்லாட்டில் (கோட்டோரத்திலிருந்து உள்ளே தள்ளி நிற்கும் இடம்), அங்கே வெளி அதிகம். பர்ரோவின் 5,671 யார்டோடு வைத்துப் பார்த்தால் ஜெஃபர்சனின் பங்கு 27 சதவீதம். பர்ரோ எறிந்த 527 பாஸால் வகுத்தால் 2.9.

ஆனால் தாளில் இன்னொரு வரி இருக்கிறது. 2018. அதே பர்ரோ, ஆனால் சாதாரண சீசன்: 2,894 யார்டு, 16 டச்டவுன். ஜெஃபர்சன் அப்போது பெரும்பாலும் வெளிப்பக்கம் நின்றார், வயது 19. எடுத்தது 875 யார்டு, கேட்சுக்கு 16.2. பங்கு ஏறத்தாழ 30 சதவீதம். பர்ரோவால்தான், ஸ்லாட்டால்தான் என்ற இரண்டு காரணங்களுக்கும் இந்த ஒரு வரியே பதில்.

ரேகருக்கும் அதே நியாயம் செய்ய வேண்டும். 2018-ல் அவருக்கும் 19 வயது. குவார்ட்டர்பேக் மாறிக்கொண்டே இருந்த அணியில் 72 கேட்ச், 1,061 யார்டு. அந்த வரி ஜெஃபர்சனின் 2018-ஐ விட மேல். எண்களை நேசிப்பவர்கள் பலர் ரேகரை விரும்பியதில் தவறில்லை. 2019-ல் முதலாண்டு மாணவர் மேக்ஸ் டக்கன் எறிந்தார், 53 சதவீதம்தான் சேர்ந்தது. எண் விழுந்ததற்கு அதுதான் காரணம் என்றார்கள். சரி, வகுத்துப் பார்ப்போம். டக்கனின் 2,077 யார்டு மட்டும் வைத்தாலும் ரேகரின் பங்கு 30-ஐ எட்டவில்லை. 339 பாஸால் வகுத்தால் 1.8. மற்றவர்கள் எறிந்ததையும் சேர்த்தால் இரண்டுமே இன்னும் இறங்கும்.

பங்கில் மட்டும் இருவரும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் ஜெஃபர்சன் அந்தப் பங்கைச் சேஸோடு பிரித்துக்கொண்டு எடுத்தார். ரேகருக்குப் பக்கத்தில் அப்படி ஒருவர் இல்லை. மோசமான குவார்ட்டர்பேக் யார்டைக் குறைப்பார். ஆனால் போட்டிக்கு ஆளில்லாத அணியில் பங்கை ஏன் குறைக்க வேண்டும்? வேகமும் பதில் சொல்லவில்லை: ஜெஃபர்சன் 4.43, ரேகர் 4.47.

இந்தக் கேள்வி வந்ததும் தாளை வைத்துவிட்டு வீடியோவைத் திறக்க வேண்டும். ரேகரின் 2019 ஆட்டங்களில் ஏதாவது மூன்றைப் போடுங்கள். அவர் பிடித்த 43 பந்துகள் உள்ள தொகுப்பு வேண்டாம், முழு ஆட்டம் வேண்டும். பந்து வேறு பக்கம் போகும் ஒவ்வொரு பாஸிலும் அவர்மீது மட்டும் கண் வைத்து, தடுப்பாளரை விட்டு விலகியிருந்தாரா இல்லையா என்று தாளின் பின்பக்கம் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள்.